மூன்று மவுன்ட்டும் ஒரு தகரமும்

மாமா எங்களைக் கூப்பிட்டது ஒரு சின்ன வேலைக்குத்தான். "நீங்கதான் போன்ல எல்லாம் பாக்குறீங்களே, இதையும் பாத்து பூட்டிக் குடுங்க" என்றார். மேசையில் ஒரு எயார் ரைபிள், பக்கத்தில் பழந்துணியில் சுற்றிய ஒரு ஸ்கோப். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நடுவில் ஒன்றுமில்லை. அந்த 'நடுவில் உள்ளது' என்னவென்று தெரிந்துகொள்ளவே எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதத்தைத்தான் இங்கே எழுதுகிறோம். ரைபிளைப் பற்றி என்று தொடங்கி எங்களைப் பற்றியதாக முடிந்துபோனது.

மாமா எங்களில் ஒருத்தனுக்குத்தான் தாய்மாமா. மற்றவர்களுக்கும் அவர் மாமாதான். கந்தப்பளைப் பக்கம் மரக்கறி செய்கிறார். கரட், லீக்ஸ், போஞ்சி, ஒரு போகம் உருளைக்கிழங்கு. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர், பிறகு அதை விட்டுவிட்டு ஒரு துண்டுக் காணியைக் குத்தகைக்கு எடுத்தார். விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் எப்போதும் தலைமேல் இருக்கும். அந்த வருசம் கரட் நல்லா வந்திருந்தது. பிடுங்குவதற்குப் பத்து நாள் இருக்கையில் குரங்குக் கூட்டம் இறங்கியது.

குரங்கு திங்கிறது மட்டும் என்றால் யாரும் இவ்வளவு கோபப்பட மாட்டார்கள். ஒரு கரட்டைப் பிடுங்கும், ஒரு கடி கடிக்கும், போடும், அடுத்ததைப் பிடுங்கும். ஒரு காலை நேரத்தில் இரண்டு பாத்தி போய்விடும். டின் தட்டினார், பட்டாசு போட்டார், நாய் கட்டினார். நாயை அவை இரண்டே நாளில் புரிந்துகொண்டன. சங்கிலி எவ்வளவு நீளமோ, அதற்கு ஒரு அடி தள்ளி உட்கார்ந்து தின்றன.

நாட்டில் இது பெரிய பேச்சு என்பது உங்களுக்குத் தெரியும். 2023இல் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாமா என்று விவசாய அமைச்சு யோசித்தது. எதிர்ப்பு வந்து, விசயம் நீதிமன்றம் வரை போய், கடைசியில் அனுப்புவதில்லை என்றாயிற்று. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு, ஐந்து நிமிடத்துக்குள் அவரவர் காணியில் நிற்கும் குரங்கு, மந்தி, மயில், மலை அணில் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னார்கள். மாமாவும் ஒரு படிவத்தோடு நின்றார். அந்த ஐந்து நிமிடத்தில் ஒன்றுகூட வரவில்லையாம். எட்டரைக்கு வந்தனவாம். இதை அவர் சொல்லும்போதெல்லாம் நாங்கள் சிரிப்போம், அவர் சிரிக்க மாட்டார்.

ரைபிள் அவருக்குத் தெரிந்த ஒரு வயதான விவசாயியிடமிருந்து வந்தது. காகிதமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பொலிசில் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கே கொண்டுவந்தார். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும், "எயார் ரைபிள்தானே" என்று யார் சொன்னாலும் கேட்காமல் முதலில் விசாரியுங்கள். அது குழலை மடித்துக் குண்டு போடுகிற வகை. 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு. உள்ளே ஒரு பெரிய ஸ்பிரிங்.

இனி மவுன்ட். ஸ்கோப் ஒரு குழாய், ரைபிள் ஒரு குழாய். ஒன்றின் மேல் ஒன்றை ஆடாமல் அசையாமல் பிடித்துவைக்கும் இரும்பு அல்லது அலுமினியப் பிடிதான் மவுன்ட். கீழ்ப்பக்கம் ரைபிளின் தண்டவாளத்தைக் கவ்வும், மேல்பக்கம் இரண்டு வளையம் ஸ்கோப்பைக் கவ்வும். கேட்க எளிது. நாங்களும் எளிது என்றுதான் நினைத்தோம். படத்தைப் பார்த்து, விலை குறைந்ததாக ஒன்றை ஓடர் பண்ணினோம்.

பார்சல் வந்தது. பிரித்தோம். பூட்டப் போனால் பிடி ரைபிளைவிட இரண்டு மடங்கு அகலம்.

அப்போதுதான் தெரிந்தது, தண்டவாளத்தில் வகைகள் உண்டு. இராணுவ ரைபிள்களிலும் இப்போதைய வேட்டை ரைபிள்களிலும் இருப்பது பிக்கடினி ரெயில். அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலுள்ள பிக்கடினி ஆயுதசாலையின் பேர் அது. 1995இல் அளவுகளை நிர்ணயித்தார்கள். ஏறத்தாழ 21 மில்லிமீற்றர் அகலம், குறுக்கே ஒழுங்கான இடைவெளியில் வெட்டிய பள்ளங்கள். வீவர் என்று அதற்கு ஒரு பழைய சொந்தக்காரனும் உண்டு, பள்ளத்தின் அகலம் கொஞ்சம் குறைவு. ஆனால் எயார் ரைபிள்களில் பெரும்பாலும் மேலே தனி ரெயில் எதுவும் இருக்காது. உடம்பிலேயே இரண்டு பக்கமும் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். பொதுவாக 11 மில்லிமீற்றர் என்பார்கள், அதிலும் கம்பெனிக்குக் கம்பெனி கூடக் குறைய இருக்கும். நாங்கள் வாங்கியது பிக்கடினி. மாமாவின் காசு, எங்கள் அவசரம். அந்த முதல் மவுன்ட் இன்னும் எங்கள் வீட்டில் கடதாசி பறக்காமல் வைக்கப் பயன்படுகிறது.

இரண்டாவது முறை அளந்தோம். பாடசாலையில் படிக்கும் தங்கச்சி ஒருத்தியிடம் வேணியர் இடுக்குமானி வாங்கி, காடியை அளந்தோம், ஸ்கோப்பின் குழாயையும் அளந்தோம். குழாயிலும் இரண்டு அளவு பரவலாக இருக்கிறது. ஒரு அங்குலம், அதாவது 25.4 மில்லிமீற்றர். மற்றது 30 மில்லிமீற்றர். எங்களுடையது ஒரு அங்குலம். முன்கண்ணாடி 40 மில்லிமீற்றர். அந்தக் கண்ணாடிப் பகுதி ரைபிளில் முட்டாத அளவுக்கு வளையம் உயரமாக இருக்க வேண்டும். ஆனால் அதற்குமேல் உயரம் கூடாது. கூடினால் கன்னத்தைக் கட்டையில் வைத்துப் பார்க்க முடியாது, கழுத்தைத் தூக்க வேண்டும், தலை ஆடினால் குறியும் ஆடும். நடுத்தர உயரம் சரியென்று முடிவு செய்தோம். தனித்தனியான இரண்டு வளையம், 11 மில்லிமீற்றர் காடிக்கு ஏற்றது. பூட்டினோம். அழகாக இருந்தது. மாமா முதுகில் தட்டினார்.

இருபது குண்டு சுட்டிருப்போம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போனது. எங்களில் ஒருத்தன் "மாமா, ஒங்க கை ஆடுது" என்றான். மாமா ஒன்றும் சொல்லாமல் ரைபிளை நீட்டினார். அவன் சுட்டான். அவனுடையதும் அப்படித்தான். பிறகு தங்கச்சிதான் கண்டுபிடித்தாள். பின் வளையம் இருந்த இடத்தில் கறுப்புப் பூச்சு சுரண்டி ஒரு வெள்ளைக் கோடு. மவுன்ட் பின்பக்கமாக நகர்ந்திருந்தது, ஒரு நெல்மணி நீளத்துக்கு.

ஸ்பிரிங் ரைபிளின் குணம் அது. பெரிய துவக்கு சுடும்போது பின்னால் மட்டும் உதைக்கும். இது இரண்டு தரம் உதைக்கும். ஸ்பிரிங் விடுபட்டு உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைபிள் பின்னால் போகும். அடுத்த நொடிக்குள் பிஸ்டன் முன்சுவரில் மோதி நிற்கும்போது முழு ரைபிளும் முன்னால் இழுபடும். ரைபிள் முன்னால் போக, மேலே இருக்கும் ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். பஸ் திடீரென எடுத்தால் நிற்கிறவர் பின்னால் சாய்கிற மாதிரி. அதனால் மவுன்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வழுக்கும். பெரிய துவக்குக்குச் செய்த நல்ல ஸ்கோப்கள்கூட இந்த முன்னிழுப்பில் உள்ளே உடைந்துபோவதுண்டு. ஸ்கோப்பும் எயார் ரைபிளுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும்.

மூன்றாவது மவுன்ட் ஒற்றைத் துண்டு. இரண்டு வளையமும் ஒரே அடித்தளத்தில். கீழே ஒரு சின்ன ஆணி, திருகினால் வெளியே வரும். ரைபிளின் மேல் பின்பக்கமாக ஒரு துளை இருந்தது. அது எதற்கென்று அதுவரை யாருக்கும் தெரியாது. ஆணி அந்தத் துளைக்குள் போய் உட்கார்ந்தது. இனி எங்கே நகரும்?

பூட்டுகிற வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டு இஸ்தோப்பில் செய்தோம். படிப்படியாகச் சொல்கிறோம், யாருக்காவது உதவும்.

ரைபிளில் குண்டு இல்லை என்று குழலை மடித்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். காடியையும் மவுன்ட்டின் அடியையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் வழுக்கும். அடித்தளத்தை முதலில் இறுக்கி, ஸ்கோப்பை வளையத்தில் வைத்து, மேல்மூடியைத் தளர்வாகப் போட வேண்டும். இப்போது ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தி, இயல்பாகக் கன்னம் வைத்ததும் முழு வட்டமும் கறுப்பு விளிம்பில்லாமல் தெரியும் இடத்தைப் பிடிக்க வேண்டும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் ஏறத்தாழ மூன்று அங்குலம் வரும்.

அடுத்தது குறுக்குக் கோடு. அது சாய்ந்திருந்தால் கிட்டே சரியாகப்படும், தூரம் போகப்போக குண்டு ஒரு பக்கமாக ஒதுங்கும். இதற்குக் கருவி விற்கிறார்கள். எங்களுக்கு மேசன் வேலை செய்யும் அண்ணன் ஒருவரின் தூக்குக்குண்டு போதுமாக இருந்தது. முற்றத்து மரத்தில் நூலைத் தொங்கவிட்டோம். ரைபிளை மட்டம் பார்த்து நிறுத்தி, நிமிர்ந்த கோடு நூலோடு ஒட்டி நிற்கும்வரை ஸ்கோப்பைத் திருப்பினோம். "சுவர் கட்டுறதும் இதுதானேடா" என்றார் அண்ணன்.

கடைசியாக ஸ்க்ரூ. ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகக்கூடாது. குறுக்கும் மறுக்குமாக, ஒவ்வொன்றையும் கால் திருப்பு, இரண்டு பக்கமும் மூடிக்கும் அடிக்கும் இடையே ஒரே இடைவெளி இருக்கும்படி. பலத்தைக் காட்டி இறுக்கினால் ஸ்கோப்பின் குழாயே நசுங்கும். மாமாவின் கை மண்வெட்டி பிடித்த கை. அதனால் அந்த வேலையைத் தங்கச்சியிடம் கொடுத்தோம்.

குறி சரிசெய்ய மேற்குப் பக்கத்து மண்மேட்டைத் தெரிந்தெடுத்தோம். பின்னால் வெட்டிய மண்சுவர், அதற்குப் பின்னால் மலை. குண்டு தவறினாலும் மண்ணுக்குள்தான். இருபத்தைந்து மீற்றரில் அட்டை. ஸ்கோப்பின் மேல் குமிழை ஒரு கிளிக் திருப்பினால் அந்தத் தூரத்தில் குண்டு இரண்டு மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவாக நகரும். எங்கள் குண்டுகள் நாலு விரல் கீழே விழுந்துகொண்டிருந்தன. குமிழைத் திருப்பித் திருப்பி எல்லைக்கே வந்துவிட்டோம், இன்னும் கீழே. குழல் மடிகிற ரைபிள்களில் குழல் கொஞ்சம் தலைகுனிந்து நிற்பது வழக்கமாம். அதற்கென்று சரிந்த மவுன்ட் விற்கிறார்கள். நாலாவது மவுன்ட்டா என்று மாமா எங்களைப் பார்த்தார். பழைய பிலிம் ரோல் ஒன்றின் துண்டை வெட்டி, பின் வளையத்தின் அடிப்பாதியில் வைத்து ஸ்கோப்பின் பின்பக்கத்தை ஒரு மயிரிழை உயர்த்தினோம். மாமாவின் கலியாண பிலிம் அது. அத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

குண்டுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விழத் தொடங்கின. ஐந்து குண்டு ஒரு ஐந்து ரூபாய்க் குற்றிக்குள். நாங்கள் ஆடினோம் என்றே சொல்லலாம்.

அதன் பிறகு நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் பேச்சு நடந்தது. எழுதலாம் என்றே முடிவு.

எங்களில் ஒருத்தன் அடுத்த குண்டைப் போட்டு, குழலை மூடி, படுத்துக் குறி பார்த்தான். அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கி அட்டையை மறைத்துவிட்டது. நுவரெலியாப் பக்கம் அது தெரிந்த விசயம், ஐந்து நிமிடத்தில் போய்விடும். அவன் காத்திருந்தான். காத்திருந்தவன் சும்மா இருக்காமல் ரைபிளோடு மற்றப் பக்கம் திரும்பினான். ஓடைக்கு அந்தப் பக்கம் தேயிலை மலை, அங்கே வெயில் இருந்தது. ஸ்கோப்பை ஒன்பது மடங்கில் வைத்திருந்தோம். நூற்றெண்பது மீற்றரில் நிற்பவர் இருபது மீற்றரில் நிற்கிற மாதிரி வருவார். "டேய், எங்கம்மாடா!" என்றான் சந்தோசமாக. "கொழுந்துக் கூடை, சிவப்புத் தலத்துணி, எல்லாம் தெரியுது. யாரோடயோ சிரிச்சிக்கிட்டு நிக்கிறாங்க."

நாங்களும் பார்க்க முண்டியடித்தோம்.

மாமா ஓடி வரவில்லை, கத்தவுமில்லை. மெதுவாக வந்து, ரைபிளின் மேல் கை வைத்து, அதை மண்மேட்டுப் பக்கம் திருப்பினார். "குண்டு இருக்கா?" என்றார். அவன் "இல்ல மாமா" என்றான். உண்மையாகவே மறந்துபோயிருந்தான். மாமா மண்ணைப் பார்த்து விசையை அழுத்தினார். டப் என்று சத்தம் வந்து, மண்சுவரில் ஒரு புழுதி எழும்பியது.

யாரும் பேசவில்லை. அவன் விரல் விசையில் இருக்கவில்லை என்று பிறகு பல தரம் சொன்னான். அது உண்மையாகவும் இருக்கலாம். எயார் ரைபிள் குண்டுக்கு அவ்வளவு தூரத்தில் பலம் குறைந்துவிடும் என்றும் சொன்னான். கண்ணில் பட்டால்? அதற்கு அவனிடம் பதிலில்லை. எங்களிடமும் இல்லை.

அன்றைக்குப் புரிந்தது. தொலைநோக்கியில் பார்ப்பது வேறு, இதில் பார்ப்பது வேறு. ஸ்கோப்பைத் துவக்கோடு ஆடாமல் அசையாமல் பூட்டத்தானே இரண்டு மாதம் மினக்கெட்டோம்? அப்படிப் பூட்டிய பிறகு எதைப் பார்த்தாலும் துவக்கும் அதைத்தான் பார்க்கும். அம்மாவை ஆசையாகப் பார்த்தாலும் அம்மாவின் மேல் குறுக்குக் கோடு இருக்கும். நல்ல மவுன்ட் செய்கிற வேலையே அதுதான்.

இரவு மாமா வீட்டில் சாப்பிடும்போது பேச்சு அங்கேயே சுற்றியது. மலையகத்தில் துவக்கு எப்போதும் யார் கையில் இருந்தது? 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் இங்கே வேட்டையாடியதையே ஒரு புத்தகமாக எழுதினார். மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி ஆயிரத்து நானூறுக்கு மேல் யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார், கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. பிறகு துரைமாரின் பங்களாச் சுவரில் துவக்கு தொங்கியது. எங்கள் ஆட்களுக்குத் துவக்கின் பிற்பக்கம் தெரியாது. தெரிந்தது முன்பக்கம் மட்டும்தான். 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்து நின்ற கூட்டத்தின் மேல் சுட்டார்கள். சிவனு லட்சுமணன் இறந்தார். இந்த இரண்டு பேரையும் வருசா வருசம் நினைக்கிறோம், படத்துக்கு மாலை போடுகிறோம். அந்த மலைகளிலும் கொழுந்து எடுத்துக்கொண்டு யாரோ நின்றிருப்பார்கள், சிரித்துக்கொண்டு.

இதைச் சொல்லி மாமாவின் கரட்டைக் காப்பாற்ற முடியாது என்பதும் எங்களுக்குத் தெரியும். அவருக்குக் கடன் இருக்கிறது. குரங்கைச் சுடாதே என்று கொழும்பிலிருந்து சொல்வது சுலபம். ஆனால் இந்த ரைபிளால் குரங்கைச் சுடுவதும் சரியான வழியில்லை. 4.5 மில்லிமீற்றர் குண்டு குரங்கை அங்கேயே கொல்லாது. வயிற்றிலோ காலிலோ வாங்கிக்கொண்டு மரத்தில் ஏறி, சீழ் பிடித்துக் கிடந்து சாகும். பன்றிக்கு அது நுளம்புக்கடி. மந்தி பாதுகாக்கப்பட்ட மிருகம், பனியில் குரங்கா மந்தியா என்று தெரியாமல் சுட்டால் வழக்கு. பாத்திக்கு அந்தப் பக்கம் எப்போதும் யாராவது நடமாடிக்கொண்டிருப்பார்கள், அதைத்தான் பார்த்தோமே.

தங்கச்சிதான் கேட்டாள், "சத்தம்தானே வேணும்? குரங்குல ஏன் படணும்?"

மண்மேட்டின் அடியில், பாத்தியின் மேல்முனையில், பழைய கூரைத் தகரத் துண்டுகள் மூன்றைத் தொங்கவிட்டோம். குண்டு தெறித்து வராதபடி கீழ்ப்பக்கமாகச் சரித்துக் கட்டினோம். குரங்கு இறங்கும் வழி அதுதான். மாமா இஸ்தோப்பில் ஒரே இடத்தில், ஒரே திசையில், மரக்கட்டையில் வைத்து மட்டும் சுடுவார். கட்டையின் இரண்டு பக்கமும் ஆணி அடித்து, குழல் ஓடைப் பக்கம் திரும்ப முடியாதபடி செய்தோம். முப்பது மீற்றரில் தகரத்தில் பட்டால் 'டங்' என்று மலை முழுக்கக் கேட்கும். எங்கிருந்து வருகிறது என்று குரங்குக்குத் தெரியாது. குறி தவறாமல் அந்தத் தகரத்தில் பட வேண்டுமென்றால் மவுன்ட் சரியாக இருக்கத்தான் வேண்டும். அதனால் எங்கள் இரண்டு மாதமும் வீணாகவில்லை.

முதல் நாலு நாள் ஒரு குரங்கும் வரவில்லை. அந்தக் கரட்டில் பெரும்பகுதியைப் பிடுங்கி லொறியில் ஏற்றிவிட்டோம். மூன்றாவது கிழமை அவை பழகிவிட்டன. பெரிய ஆண் ஒன்று தகரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையைச் சொறிந்தது. மாமா தகரத்தை இடம் மாற்றினார். மறுபடி ஒரு கிழமை கிடைத்தது. இப்படித்தான் போகிறது. முடிந்துபோன வெற்றி என்று எதையும் சொல்ல மாட்டோம்.

ஸ்கோப்பால் பார்க்க ஆசைப்பட்டவன் இப்போது காசு சேர்த்து ஒரு பைனாகுலர் வாங்கியிருக்கிறான். போன கிழமை அதே இஸ்தோப்பில் இருந்து அம்மாவைப் பார்த்தான். அம்மாவும் அவன் பார்ப்பதைக் கண்டு, கொழுந்து கிள்ளுகிற கையைத் தூக்கி, "வேலவெட்டி இல்லியாடா?" என்கிற மாதிரி ஆட்டினார். நாங்கள் எல்லாரும் முறைக்கு முறை வாங்கிப் பார்த்தோம். ரைபிள் உள்ளே, அலுமாரிக்குள், குழல் மடித்தபடி இருந்தது.